மோனலிசாவுக்குப் பக்கத்தில் நடுகல்: கண்காட்சிக்கு யோசனை சொல்லுங்க

#1 மக்கன்பேடா_21

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்க துறையில் சின்னதா ஒரு அருங்காட்சியக அறை இருக்கு. செங்கம் பக்கத்திலிருந்து வந்த ரெண்டு நடுகல், ஆற்காடு நவாப் காலத்துக் காசு ஒரு அலமாரி, பீரங்கிக் குண்டு ஒன்னு. அவ்ளோதான். பிப்ரவரி கடைசியில் மூணு நாளைக்கு அந்த அறையை மாணவர்கள் கையில் கொடுத்திருக்காங்க. தலைப்பைத் துறையே முடிவு பண்ணிட்டாங்க: "உலக மறுமலர்ச்சிக் கலை". நாங்க பதினோரு பேர், முப்பது போர்டு, பன்னிரண்டாயிரம் ரூபாய். எல்லாமே அச்செடுத்த படங்கள்தான், அசல் எதுவும் கிடையாது.

நாடு வாரியா பிரிச்சிருக்கோம். இத்தாலி 12, ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்து 6, ஸ்பெயின் 3. மிச்ச ஒன்பது "பிற நாடுகள்". அதாவது ஆப்பிரிக்கா, துருக்கி, மெக்சிகோ, ஜப்பான், மொகலாயர் எல்லாம் ஒரே சுவரில். அந்தச் சுவரில்தான் நடுகல்லும் நிக்குது. அதை அசைக்க முடியாது.

ரெண்டு கேள்வி. இந்த வரிசை சரியா? பிரிண்ட் எதில் போடலாம், பிளெக்ஸா சன்போர்டா?

(அழைப்பிதழைப் பார்த்த எங்க பாட்டி, "மறுமலர்ச்சின்னு போட்டிருக்கே, கட்சிக் கூட்டமா?"ன்னு கேட்டாங்க.)

#2 காட்பாடி_ஜங்ஷன்

பாட்டிக்கு என் ஓட்டு.

"பிற நாடுகள்" சுவரைப் படிச்சதும் அன்ரிசர்வ்டு பெட்டி ஞாபகம் வந்துடுச்சு. பாதி உலகம் அதுல தொங்கிட்டு வருது, இத்தாலிக்கு மட்டும் ஏசி கோச்.

#3 பிரிண்டிங்_பையன்

பிளெக்ஸ் வேண்டாம் சிஸ்டர். டியூப்லைட் வெளிச்சத்துல பளபளன்னு அடிக்கும், படத்துல முகம் தெரியாது, பார்க்கிறவங்க முகம்தான் தெரியும். 5 எம்.எம். சன்போர்டு, மேல மேட் லேமினேஷன். ஏ2 சைஸ் முப்பதுன்னா ஒன்னு நானூறுக்குள்ள வரணும், மொத்தமா போடுறோம்னு பேரம் பேசுங்க.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொண்டு வந்து கொடுக்காதீங்க, அதுதான் எங்க தொழிலுக்கே சாபம். ஏ2க்குக் குறைஞ்சது 2480 × 3508 பிக்சல் வேணும், அதுவே 150 டி.பி.ஐ.தான். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் ரெண்டும் பெரிய கோப்பாவே இலவசமா கொடுக்கிறாங்க.

அப்புறம் தங்கம். பழைய சாமி படத்துல தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் தங்கத் தகடுல இருக்கும். எங்க மெஷின்ல தங்கம் கிடையாது, மஞ்சளும் கருப்பும் கலந்து கடுகு அரைச்ச நிறம்தான் வரும். வந்தப்புறம் கடையில சண்டை போடாதீங்க.

டபுள் டேப்பை நம்பாதீங்க. போன வருஷம் ஒரு மண்டபத்துல கல்யாண போட்டோ இருபது மாட்டினேன். மத்தியானம் ரெண்டு மணிக்குப் பந்தி நடக்கும்போது ஒவ்வொன்னா "டப்", "டப்". மாப்பிள்ளையோட தாத்தா படம் ரசத்துல. ஆணி அடிங்க, இல்லன்னா மேலே கம்பி கட்டித் தொங்க விடுங்க.

#4 ஓய்வு_டிராயிங்_மாஸ்டர்

குழந்தை, முப்பத்தொரு வருடம் பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உலகம் சுற்றப் போகுமுன் கோட்டைக்குள் போ. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் பாய்கிற குதிரையும் யாளியும் உள்ள தூண்களுக்கு முன்னால் அரை மணி நேரம் நில். வேலூரை ஆண்ட சின்ன பொம்மு நாயக்கர் காலம், பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. மைக்கலாஞ்சலோ கண் மூடியது 1564. அங்கே அவர் ரோமில் பேதுரு கோயிலின் கோபுரக் கூரைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த வருடங்களில்தான் இங்கே நம் சிற்பி கருங்கல்லில் குதிரையின் வாய்க்கயிற்றைச் செதுக்கிக்கொண்டிருந்தான்.

புலமைக்கும் குறைவில்லை. ஆரணி பக்கம் அடையபலத்துக்காரர் அப்பய்ய தீட்சிதர். அவருக்குக் கனகாபிஷேகம் செய்தவர் இதே பொம்மு நாயக்கர். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தை ஆண்டு கலைஞர்களை ஆதரித்த மெடிச்சி குடும்பம் செய்தது வேறென்ன? முதல் போர்டுக்கு "வேலூரின் மறுமலர்ச்சி" என்று பெயர் வை.

#5 அகழிக்கரை

மாஸ்டர், மண்டபத்தில் தொடங்குங்கள் என்பதை இரண்டு கையாலும் ஒப்புக்கொள்கிறேன். "வேலூரின் மறுமலர்ச்சி" மட்டும் வேண்டாம்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இத்தாலிய ஓவியர் வசாரி 1550இல் வெளியிட்ட ஓவியர் வரலாறுகளில் "ரினாஷிதா" என்கிறார், மறுபிறப்பு. பழைய ரோமானியர்களோடு கலை செத்துவிட்டது, எங்கள் இத்தாலியர்கள் உயிர் கொடுத்தார்கள் என்பது அவர் கட்சி. சரி, அது அவர்கள் ஊர்க் கதை. நம் ஊரில் எது செத்தது? சோழர் கால ஸ்தபதியின் பேரனுக்குப் பேரன் உளியைக் கீழே வைக்கவே இல்லை. சாவே நடக்காத வீட்டில் மறுபிறப்புக்குப் பூஜை போட்டால் எப்படி?

மெடிச்சி ஒப்பீடும் அப்படித்தான். கேட்க இனிக்கும். ஆனால் பொம்மு நாயக்கரைப் புரிந்துகொள்ள மெடிச்சி வேண்டியதில்லை. அவரை அவராகவே எழுதுங்கள்.

மக்கன்பேடா, உன் தலைப்பில் சொற்களைக் கொஞ்சம் இடம் மாற்றிப் போடு. "உலக மறுமலர்ச்சிக் கலை" என்றால் உலகம் முழுக்க இத்தாலியைப் பார்த்துக் காப்பியடித்த மாதிரி இருக்கிறது. "மறுமலர்ச்சிக் காலத்து உலகம்" என்று வைத்தால் எல்லோரும் அவரவர் திண்ணையில் உட்காரலாம். துறையிலும் பெரிதாக மறுக்க மாட்டார்கள், அதே சொற்கள்தானே.

வரிசையையும் மாற்று. நாட்டை விட்டுவிடு. பொருளைப் பிடித்துக்கொண்டு போ.

#6 மக்கன்பேடா_21

அக்கா, பொருளைப் பிடிச்சுப் போறதுன்னா? ஒரு உதாரணம் சொல்லுங்களேன். எங்க குரூப்பில் ஏற்கெனவே ரெண்டு கட்சி. ஒரு கட்சி "மோனலிசா இல்லாம எதுக்கு கண்காட்சி"ன்னு வெளிநடப்பு பண்ணிடுச்சு.

#7 அகழிக்கரை

உதாரணம் காண்டாமிருகம்.

குஜராத் சுல்தான் முசாபர் ஷா ஒரு காண்டாமிருகத்தைப் போர்ச்சுக்கீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்குப் பரிசாகத் தந்தார். அவர் அதைக் கோவாவிலிருந்து கப்பலேற்றி மன்னர் மனுவேலுக்கு அனுப்பினார். 1515 மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா அப்படி ஒரு மிருகத்தைப் பார்த்ததில்லை. அதைப் பற்றி ஒரு கடிதமும் கோட்டுப் படமும் ஜெர்மனியில் நியூரம்பர்க் ஓவியர் டூரர் கைக்குப் போகின்றன. மனிதர் மிருகத்தைப் பார்க்காமலேயே மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுகிறார். தோல் மடிப்பை இரும்புக் கவசம் என்று நினைத்திருக்கிறார், ஆணி அடித்த மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். முதுகில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு வேறு. பின்னால் இருநூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பியப் புத்தகங்களில் காண்டாமிருகம் என்றால் அந்தப் பொய்ப் படம்தான். அசல் மிருகத்தைப் போப்பாண்டவருக்கு அனுப்பினார்கள். 1516இல் இத்தாலிக் கரையருகே கப்பல் மூழ்கியது. சங்கிலியில் கட்டியிருந்ததால் நீந்தக்கூட முடியவில்லை.

இது ஜெர்மனி சுவரில் மாட்ட வேண்டிய படமா, இந்தியா சுவரிலா?

அடுத்து நீலம். மாதாவின் மேலாடைக்குப் பூசிய உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானில் படக்‌ஷான் மலைச் சுரங்கத்துக் கல்லை அரைத்து எடுத்தது. அல்ட்ராமரின் என்ற பெயருக்கே கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்றுதான் பொருள். அதைச் செயற்கையாகச் செய்யும் வழி 1820களில் பிரான்சில் கிடைத்த பிறகுதான் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலக்கிற நீலப் பொடியாக அது நம் தெருவுக்கும் வந்தது. ஒரு கிண்ணம் நீலப் பொடியைப் படத்துக்குக் கீழே வை. ஐந்து ரூபாய் செலவு.

பித்தளை: மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் அரசவைக்கு வார்த்த தகடுகள். மனிலா என்ற பித்தளைக் காப்புகளைப் போர்ச்சுக்கீசியர் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் இறக்கினார்கள், அதை உருக்கி மெழுகு வார்ப்பில் செய்தது. சுவாமிமலை ஸ்தபதிக்கு விளக்கவே வேண்டாம், அதே வித்தைதான். 1897இல் ஆங்கிலேயப் படை அரண்மனையைச் சூறையாடி அள்ளிக்கொண்டு போனதால்தான் இன்று அவை லண்டன், பெர்லின் என்று சிதறிக் கிடக்கின்றன. பக்கத்தில் நம் கல்யாண மண்டபத்தைப் போடு. அதையும் கழற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள், ஏற்ற வந்த கப்பல் மூழ்கியதால் தப்பியது என்று ஊரில் ஒரு கதை உண்டே.

சிறகு: மெக்சிகோவில் 1539இல் செய்த கிரிகோரியார் பூசைப் படம். வண்ணம் அங்கங்கே தொட்டதோடு சரி, மற்றதெல்லாம் பறவை இறகு. ஸ்பானியர் அந்த நாட்டைப் பிடித்துப் பதினெட்டே வருடம் ஆகியிருந்தது. இப்போது பிரான்சில் இருக்கிறது.

துருக்கிக்கு வெனிஸ் ஓவியர் ஜென்டிலே பெல்லினி சுல்தான் மெகமதை வரைந்த படம், 1480.

கடைசியாக வேலூருக்கே வா. 1600களின் தொடக்கத்தில் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயர் சந்திரகிரியிலும் இங்கேயும் அரசவை நடத்தியபோது ஜெசூட் (இயேசு சபை) பாதிரிகள் அவையில் இருந்தார்கள். வரையத் தெரிந்த சகோதரர் ஒருவரும் கூடவே வந்து ராயருக்குப் படம் எழுதிக் காட்டியிருக்கிறார். அவர்கள் கடிதங்களில் இருக்கிறது. இத்தாலிய வண்ணம் நம் அகழி தாண்டி உள்ளே வந்த கதை இது. இதை விட்டுவிட்டு மெடிச்சி எதற்கு?

#8 ஓய்வு_டிராயிங்_மாஸ்டர்

அம்மணி சொன்னது அத்தனையும் சுவை. ஆனால் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். நீலம் எங்கிருந்து வந்தது, பித்தளை எந்தக் கப்பலில் வந்தது... ஓவியம் பார்க்க வந்தவன் கையில் லாரி ஆபீஸ் ரசீதைக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. படம் என்பது சரக்கு மட்டும்தானா?

என் மாணவர்களுக்குத் தூரநோக்கு, அதாவது பெர்ஸ்பெக்டிவ், சொல்லித்தரும்போது காட்பாடி பிளாட்பாரம் கோடிக்குக் கூட்டிப்போவேன். தண்டவாளம் இரண்டும் தூரத்தில் ஒன்றாய்ச் சேருதா, சேருகிற புள்ளி உன் கண் உயரத்தில் இருக்கா, உட்கார்ந்தால் அதுவும் கீழே இறங்குதா என்று கேட்பேன். பையன்கள் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி பிளாரன்சில் கண்டு சொன்னது அதைத்தான். அந்தச் சிரிப்பு வரும் இடம் ஒன்று கண்காட்சியில் இருக்க வேண்டும். ஒரே ஒரு படம் பெரிதாக, எழுத்தே இல்லாமல், எதிரே ஒரு பெஞ்சு.

இன்னொன்றும் சேர்த்துக்கொள். மொகலாய ஓவியர் அபுல் ஹசன். 1600இல் டூரரின் அச்சுப் படத்திலிருந்து இயேசுவின் சீடர் அருளப்பர் உருவத்தை மட்டும் எடுத்து வரைந்திருக்கிறார். அப்போது வயது பதின்மூன்று. ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. டூரருடைய கோடு கீறல் கீறலாய் இருக்கும். பிள்ளை அதை உருட்டி, துணி மடிப்பை மயிரிழைத் தூரிகையால் தடவி விட்டிருக்கிறான். காப்பியடித்தவன் என்று ஒருவனும் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தால் அந்தப் போர்டு முன்னால் நிறுத்தி வயதை மட்டும் சொல்.

#9 அகழிக்கரை

பெஞ்சு விஷயத்தில் தோற்றேன் மாஸ்டர். எழுத்தில்லாத படம் கட்டாயம் வேண்டும்.

#10 தோல்ஷாப்_மாமா

பேர்ணாம்பட்டுலேர்ந்து எழுதறேன். வரலாறு எனக்குத் தெரியாது, முப்பத்தஞ்சு வருஷம் தோல்ஷாப்ல இருந்தவன். பாப்பா, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் தோல்ல புஸ்தகம் எழுதினான்னு சொல்றாங்களே, அது இன்னா தோல்?

#11 மக்கன்பேடா_21

பார்ச்மென்ட் மாமா. ஆடு, கன்னுக்குட்டி. குட்டன்பர்க் 1455 வாக்கில் அச்சடிச்ச பைபிள் சுமார் 180. அதுல கால்வாசி தோல்ல அச்சடிச்சதுதான்.

#12 தோல்ஷாப்_மாமா

அப்போ அது பதனிட்ட தோல் இல்ல, புரிஞ்சுதா. பதனிட்டா பழுப்பாயிடும், ஆவாரம்பட்டைத் தொட்டியில ஊறின தோல்ல எவன் எழுதுவான்? சுண்ணாம்புக் குழியில போட்டு ஊற வச்சு, மயிரைத் தள்ளி, சதையைச் சீவி, அதோட நிறுத்திக்கணும். அப்புறம் பட்டைக்குப் போகாம நாலு பக்கமும் இழுத்துச் சட்டத்துல கட்டிக் காய வச்சா வெள்ளையா, மொடமொடன்னு, மத்தளத் தோல் கணக்கா வரும். எங்க ஊர்ல அரைக்கால் டவுசர் பையனுக்குத் தெரியும் இது.

இன்னொண்ணு. சீவித் தள்ற சவ்வு, காது, வாலு துண்டுங்க வீணாப் போவாது. அதைக் காய்ச்சினா வஜ்ரம். தச்சு வேலைக்காரங்க அந்தக் காலத்துல கதவு நிலை ஒட்டறதுக்கு அதைத்தான் வச்சிருந்தாங்க. பலகையில படம் எழுதறவங்களும் அது வச்சிருப்பாங்களே?

#13 அகழிக்கரை

மாமா, கும்பிடுகிறேன்.

இத்தாலியில் செனினோ செனினி என்ற ஓவியர் 1400 வாக்கில் எழுதிய தொழில் கைநூல் ஒன்று இருக்கிறது. அதில் ஆட்டின் முகவாய், கால், நரம்பு, தோல் துண்டு எல்லாம் போட்டுக் காய்ச்சும் பசைக்கு ஒரு தனிப் பகுதியே உண்டு. ஜனவரியிலோ மார்ச்சிலோ குளிரும் காற்றும் இருக்கும்போது காய்ச்சச் சொல்கிறார். அந்தப் பசையோடு ஜிப்சம் தூளைக் குழைத்துப் பலகையில் பூச்சுப் பூச்சாகப் பூசித் தேய்த்து வழவழப்பாக்கி, அதற்குமேல்தான் தங்கமும் வண்ணமும்.

மக்கன்பேடா, உன் முப்பதில் இது ஒன்று. "மாதாவின் முகத்துக்கு அடியில் வஜ்ரம்."

#14 தோல்ஷாப்_மாமா

மழை மாசத்துல காய்ச்சினா காயாது, நாறும். அந்தாளு தொழில் தெரிஞ்சவன்தான்.

#15 காட்பாடி_ஜங்ஷன்

மைக்கலாஞ்சலோவோட டேவிட் சிலை வைக்கிறீங்களா? இடுப்புல துண்டு கட்டியா, கட்டாமலா?

#16 மக்கன்பேடா_21

அதைக் கேக்காதீங்க அண்ணா. மேலிடத்தில் "முகம் மட்டும் போடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. கோயில் தூணில் இல்லாததான்னு எங்க பசங்க எகிறினாங்க, எடுபடலை. டேவிட் கையை மட்டும் போட்டிருக்கோம், தொடைமேல் தொங்கும் அந்தப் பெரிய வலது கை. உண்மையைச் சொன்னா முழுச் சிலையைவிட அது நல்லா இருக்கு. ஆனா அதை மேலிடத்தில் போய்ச் சொல்ல மாட்டேன்.

எழுத்து அட்டை ஒன்னு எழுதிப் பார்த்தேன். "ஜெர்மானிய மறுமலர்ச்சியின் தலைசிறந்த ஓவியரும் அச்சுக்கலைஞருமான ஆல்பிரெக்ட் டூரர் 1471ஆம் ஆண்டு நியூரம்பர்க் நகரில் பிறந்தார்..." இப்படி நூத்தி நாப்பது வார்த்தை. சரியா?

#17 அகழிக்கரை

பிறந்த வருடத்தில் தொடங்கினால் இரண்டாவது வரிக்கு ஆள் இருக்க மாட்டான். அறுபது வார்த்தைக்கு மேல் போகாதே. முதல் வரி இப்படி இருக்கட்டும்: "இந்த மிருகத்தை வரைந்தவர் இதைப் பார்த்ததே இல்லை." பிறகு படத்தில் கண் எங்கே போக வேண்டுமோ அதைச் சொல், முதுகுக் கொம்பு. பிறந்த வருடமெல்லாம் கீழே பொடி எழுத்தில்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே வரட்டும். நீங்களெல்லாம் உயரமான பசங்களை வைத்து மாட்டுவீர்கள், அப்புறம் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் அண்ணாந்து பார்க்கும்.

#18 மக்கன்பேடா_21

முடிஞ்சது! மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும், செமஸ்டர்.

தலைப்பை மாத்த விட்டாங்க. வாசலில் கல்யாண மண்டபம், அதில் ஒரே வரி: "மைக்கலாஞ்சலோ உயிரோடு இருந்த காலம்." மாஸ்டரும் அக்காவும் சண்டை போடக் கூடாதுன்னு நாங்களா எழுதினது.

நீலம் பிரிண்டில் கத்திரிப்பூ நிறமாயிடுச்சு. பக்கத்தில் நீலப் பொடிக் கிண்ணம் இருந்ததால வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சு மானம் போச்சு. கடைசியில் அட்டையிலேயே எழுதிட்டோம், "நிஜ நிறம் கிண்ணத்தில்". தங்கமும் கடுகுதான். ஒரு தோழி வீட்டுத் தஞ்சாவூர் படத்தைக் கொண்டு வந்து பக்கத்தில் வச்சு, டார்ச் கொடுத்துச் சாய்ச்சு அடிச்சுப் பார்க்கச் சொன்னோம். டார்ச்சுக்கு வரிசையே நின்னுச்சு.

பிரிண்டிங் அண்ணா, ஆணி அடிக்க அனுமதி கிடைக்கலை, டேப்தான். முதல் நாள் மத்தியானம் காண்டாமிருகம் விழுந்துச்சு. கப்பலோட ஒரு தடவை, சுவரோட ஒரு தடவை.

நடுகல்லுக்கு ரெண்டு பக்கமும் பெனின் வீரர் தகடுகளை மாட்டினோம். இங்கே வில்லும் வாளும், அங்கே ஈட்டியும் கேடயமும். அணைக்கட்டு பக்கத்திலிருந்து பேரனைக் கூட்டிட்டு வந்த ஒரு அம்மா நடுகல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிட்டாங்க. முந்தானை முடிச்சிலிருந்து குங்குமம் எடுத்துக் கல்லுக்கு வச்சாங்க. அப்படியே திரும்பிப் பெனின் போர்டில் நடுவில் நிக்கிற வீரனுக்கும் ஒரு பொட்டு. மேட் லேமினேஷன், துடைச்சா போயிருக்கும். நாங்க துடைக்கலை.

வஜ்ரம் போர்டுதான் நாங்க எதிர்பார்க்காதது. மேல்விஷாரத்திலிருந்து வந்த ஒரு பாய் அட்டையைப் படிச்சிட்டு, "சுண்ணாம்பில் எத்தனை நாள்னு போடலையே"ன்னு கேட்டார். யாருக்கும் தெரியலை. அவரே பத்து நிமிஷம் நின்னு பள்ளிக்கூடப் பசங்களுக்குச் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கிட்டேன்.

மோனலிசா இருந்துச்சு. எல்லாரும் செல்ஃபி எடுத்தாங்க, யாரும் அட்டையைப் படிக்கலை.

#19 ஓய்வு_டிராயிங்_மாஸ்டர்

இரண்டாம் நாள் வந்திருந்தேன், குழந்தை. பெஞ்சில் இடம் இல்லை. ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் திரும்பினேன்.

#20 தோல்ஷாப்_மாமா

எத்தனை நாள்னா வெயிலைப் பொறுத்து. கோடையில சீக்கிரம், மார்கழியில கூடப் புடிக்கும். நம்பர் போட முடியாது, தொட்டுப் பார்க்கணும்.

#21 குடியாத்தம்_டீச்சர்

அந்த முப்பது போர்டும் இப்போ எங்கே இருக்கு? எங்க பள்ளிக்கு ஒரு வாரம் கிடைக்குமா? வேன் வைக்க வசதியில்லை, நானே பஸ்ஸில் வந்து எடுத்துக்கறேன்.

#22 மக்கன்பேடா_21

துறை ஸ்டோர் ரூமில் இருக்கு டீச்சர், பெஞ்சுக்கு அடியில். ஏ2 போர்டு பஸ் படியில் நுழையும், ஆனா முப்பதும் ஒரே தடவையில் வராது. பதினஞ்சு பதினஞ்சா கட்டி வைக்கறோம். சனிக்கிழமை காலையில் வாங்க, பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நாங்க ரெண்டு பேர் தூக்கிட்டு வர்றோம். பொட்டு வச்ச போர்டு மேலே இருக்கும், அதை மட்டும் உரசாம பார்த்துக்கணும்.